கொட்டும் கணக்கும்

(போடிநாயக்கனூரில் நடந்த கலைக்குழுக்களின் ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்ன ஊரில் ஒரு கலைக்குழுவை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கவிதை வாசிக்கச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வங்கிக் கிளார்க் என்பதால் குழுவில் எனக்குக் கிடைத்த வேலை கணக்கு எழுதுவது. எனக்குக் கொட்டு அடிக்கத் தெரியாது. தாத்தா அடித்தார். எழவு வீட்டு வாசலில் அடித்தார், ஊர்ச்சாமி சாட்டுக்கு அடித்தார். அப்பா கொட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினார். அவர் அதை விட்டதால்தான் நான் பி.காம். படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பறை நம் விடுதலைக் கருவி என்று மேடையில் முழங்குவது எனக்கு அவ்வளவு சுலபமில்லை.

குழு தொடங்கிய புதிதில், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பச் சொல்லி ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா காய் எடுத்துவிட்டு அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தார். காலில் இருந்த சேறுகூடக் கழுவவில்லை. "ஏய்யா, இந்தச் சனியன விட்டுத் தொலைக்கத்தானே எங்க மாமனாரு ஊர்க்காரங்ககிட்ட அடி வாங்குனாரு? அதத் திரும்ப எம் மக கையில குடுக்க வந்திருக்கியே, நீ படிச்சவந்தானே?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டுக் குழு வளர்ப்பு பற்றிப் பேச முடியாது. அவர் கேட்டது அண்ணல் கேட்டதுதான். 1927இல் மகாட் மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அதன் கறியைத் தின்பதையும் விடச் சொன்னார் அம்பேத்கர். இழிதொழிலை உதறு என்பதுதான் நம் அரசியலின் முதல் பாடம். அதே மராட்டியத்தில்தான் 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் தமாஷாக் கூத்தை எடுத்து அம்பேத்கரிய ஜல்சாவாக மாற்றினார்கள். சாமி வணக்கத்தைத் தூக்கி எறிந்தார்கள், கோபியர் சரசத்தைத் தூக்கி எறிந்தார்கள். அந்த இடத்தில் கல்வியையும் தீண்டாமை எதிர்ப்பையும் வைத்துப் பாடினார்கள். கூத்து அதே கூத்துதான். யார் கூப்பிட்டு, யாருக்காக ஆடுகிறோம் என்பது மாறிவிட்டது.

நம் பக்கம் தொண்ணூறுகளில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலை விழாக்கள் நடந்தன. போய்ப் பார்த்த அண்ணன்மார் இப்போதும் கண் கலங்கச் சொல்வார்கள். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ.குணசேகரன்தான் சேரி சேரியாகக் கொண்டுபோனார். 1989 கலவரத்தின் காயம் ஆறாத ஊரில் வளர்ந்த எங்களுக்கு அதெல்லாம் தேய்ந்த கேசட்டில் வந்து சேர்ந்தது.

ஆனால் குழு நடத்துவதற்கு எனக்குப் பாடம் சொன்னது திண்டுக்கல். 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு. படிப்பைப் பாதியில் விட்ட தலித் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்து, ஆண்கள் மட்டுமே தொட்டுவந்த பறையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒயிலாட்டம், கும்மி. அதோடு தையல், அதோடு சாதி என்றால் என்ன, பெண் என்றால் என்ன என்கிற படிப்பு. மேடை அதற்கப்புறம்தான்.

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். ஒரு வருசக் கணக்கை முடிக்கும்போது பார்த்தேன். நிகழ்ச்சி 31. டெங்கு விழிப்புணர்வு, கல்லூரி ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வரவேற்பு எல்லாம் அதில் சேர்த்தி. வகுப்பு நடந்தது 9 நாள். பாஸ்புக்கைப் பார்த்தால் சந்தோசம், வருகைப் பதிவைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். அதே ஆறு பேர். ஆறும் ஆண். கேட்டால் 'குழு வளர்ந்திருக்கு' என்கிறோம். நம்ம வாடகைதான் வளர்ந்திருந்தது.

பெண்பிள்ளைகள் ஏன் வரவில்லை? நாங்கள் வைத்த நேரம் சாயங்காலம் ஆறு மணி. ஆபீஸ் போகிறவனுக்கு வசதியான நேரம். விடியுமுன்னே கிளம்பும் ஜீப், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேர்வதும் அந்த நேரத்தில்தான். அம்மா வந்து சேரும்வரை அடுப்பு மகள் கையில். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருசம் பிடித்தது, வெட்கக்கேடு. இப்போது வகுப்பு ராத்திரி எட்டு மணிக்கு, காலனித் தெருவிலேயே, வாசலில் அம்மாக்கள் உட்கார்ந்து பார்க்க. காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் கூட்டம் குறையும். யார் பேரையும் அடிப்பதில்லை.

மாதம் ஒருநாள் மலைமேல் தோட்டத்து லயங்களுக்கும் போகிறோம். சாரலில் கொட்டு தொய்ந்துவிடும், கால்மணிக்கொருதரம் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். பைபர் போட்டுவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கும் என்கிறார் ஆசான். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. நான் ஆசான் கட்சி. தீயைச் சுற்றி உட்காரும் அந்த நேரத்தில்தான் லயத்து ஜனங்கள் கூலி பற்றி, ஓவர்லோடு ஜீப் பற்றி வாய் திறக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே ஏலக்காய், அது எங்கே போச்சு என்று ஒரு பாட்டி கேட்டதும் அங்கேதான். அந்தக் கேள்வி இப்போது எங்கள் நாடகத்தில் ஒரு காட்சி.

இன்னொன்று, சொல்லக் கசக்கிறது. கொட்டடிக்கிற தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்று சொன்னவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, நம்ம ஜனம்தான். அடுத்த தெரு. மேலே இருக்கிறவன் நமக்குச் செய்வதை நாம் கீழே செய்கிறோம். கூட்டம் போட்டுப் பேசினோம், பிரயோசனமில்லை. வகுப்பையே அந்தத் தெருவுக்கு மாற்றினோம். பழக வேண்டுமானால் அங்கே வா, அவர் வீட்டுத் தண்ணியைக் குடி. நாலு பேர் நின்றுகொண்டார்கள். மூணு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தன் வரவேயில்லை.

நிறுவனமாகப் பதிவு செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1975ஆம் வருசச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். அந்த ஏழில் யார் என்பதுதான் கேள்வி. எங்களுடையதில் காய் எடுக்கும் பெண்கள் இரண்டு பேர். செக்கில் அவர்களில் ஒருத்தர் கையெழுத்து இல்லாமல் காசு நகராது. செலவில் முதல் வரி ஆசானுக்குச் சம்பளம், அப்புறம்தான் சட்டையும் மைக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல் வந்தது. வாரிய அட்டைக்கு மனு எழுதிக் கொடுப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் உட்காருகிறோம். இதைக் கலைப்பணி என்று யாரும் எழுத மாட்டார்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தெருவில் கொட்டடித்துக் கொண்டாடினோம். கொஞ்ச நாளில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆசானுக்குப் போன். பெரிய வீட்டுச் சாவு, வழக்கம்போல வந்துரு. கூலி பற்றிப் பேச்சே இல்லை. இளைஞர்கள் போகக்கூடாது என்றார்கள். "கை நீட்டி வாங்கியிருக்கேன்டா, நீங்களா அடைப்பீங்க?" என்றார் அவர். குழுவில் பிளவு வரும் நிலை. கடைசியில் கடன் எவ்வளவு என்று கேட்டோம். குழுக் கணக்கிலிருந்து அடைத்தோம். மூணு நிகழ்ச்சிப் பணம் போச்சு. அவர் போகவில்லை. இனிமேல் எழவுக்கு அடிப்பது நம்ம ஜனத்தின் சாவுக்கு மட்டும், காசில்லாமல், பெண்களும் ஆண்களுமாக நின்று, என்று தீர்மானம் எழுதினோம். அடுத்த போன் வந்தால் என்ன செய்வோம் என்று எனக்கு உறுதியில்லை. அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் குழுக்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

முதலில் சொன்னேனே ஒரு அம்மா, அவர் மகள் இப்போது வகுப்புக்கு வருகிறாள். தெம்மாங்கு அடி நன்றாக வருகிறது. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொட்டு மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார். அதனால் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தேன், ஈரம் ஏறாமல் அடுப்பங்கரைப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.