விலைவாசியோடு ஏறும் பத்திரம்: போட்டுப் பார்த்தவன் சொல்வது

(நமது சங்கத்தின் மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருஷம் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். முதலீட்டு ஆலோசகன் இல்லை. கவுன்டரில் உட்கார்ந்து பார்த்ததையும் என் சொந்தப் பணத்தில் பட்டதையும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மா போன வாரம் லிஃப்டில் கேட்டார்: "சார், விலைவாசி ஏற ஏற வட்டியும் ஏறுமாமே, கவர்மென்ட் பத்திரம் ஒண்ணு இருக்காம். அதில போட்டா பயமே இல்லையாமே?" லிஃப்ட் கீழே வருவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில், எதற்குப் பயப்பட வேண்டும் என்று பார்ப்போம். நாம் தினமும் வால்டாக்ஸ் ரோட்டைக் கடக்கிறோம். கறுப்பர் பட்டணத்துக்குச் சுவர் எழுப்பிய கம்பெனிக்காரர்கள், அந்தச் செலவுக்கு ஜனங்களிடம் வரி வாங்க நினைத்ததால் வந்த பெயர் அது. அந்த வரிக்கு ஒரு பெயராவது இருந்தது. விலைவாசி ஏற்றம் ரசீது இல்லாமல் வாங்கும் வரி. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, ஆனால் பை நிறையாது.

கணக்காகவே பாருங்கள். 5 லட்சத்தை டெபாசிட்டில் போட்டு, வரும் வட்டியை முழுக்கச் செலவு செய்கிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. பத்து வருஷம் கழித்தும் கையில் அதே 5 லட்சம் இருக்கும். ஆனால் இன்று 2 லட்சத்து 79 ஆயிரத்துக்குக் கிடைக்கும் சாமான்தான் அதற்குக் கிடைக்கும். 1974இல் விலைவாசி ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது நான் பள்ளிக்கூடப் பையன். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்தாகத்தான் அந்தப் பத்திரம் வந்தது. 1997இலேயே நம் அரசு ஒரு முறை முயன்றது. அதில் அசலுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. 2013 ஜூனில் மொத்த விலைக் குறியீட்டை வைத்து இன்னொன்று வந்தது. நாம் கடையில் கொடுப்பது சில்லறை விலை, மொத்த விலை இல்லையே என்று பேச்சு வந்தது. பிறகு 2013 டிசம்பர் 23 அன்று, நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து, நம்மைப் போன்றவர்களுக்காகவே ரிசர்வ் வங்கி வெளியிட்டதுதான் 'இன்ஃப்ளேஷன் இண்டெக்ஸ்டு நேஷனல் சேவிங் செக்யூரிட்டீஸ்'. குறைந்தது 5,000 ரூபாய், பத்து வருஷக் காலம்.

அது வேலை செய்த விதம் இதுதான். நிலையான வட்டி ஆண்டுக்கு 1.5 சதவீதம், அதாவது அரையாண்டுக்கு 0.75. அதோடு அந்த அரையாண்டின் விலைவாசி ஏற்றத்தைக் கூட்டுவார்கள். ஆறு மாதத்தில் விலைவாசி 4 சதவீதம் ஏறினால் உங்களுக்கு 4.75. ஒரு லட்சம் 1,04,750 ஆகும். அடுத்த அரையாண்டுக்கு அதன் மேல் கணக்கு. விலைவாசி இறங்கினாலும் 1.5 சதவீதம் உறுதி. எல்லாம் பத்தாம் வருஷம் மொத்தமாகக் கையில் வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்போது சில்லறை விலைவாசி 11 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. 2014 ஜனவரியில் என் மனைவி பெயரில் ஒரு லட்சம் போட்டேன்.

அதன் பிறகு விலைவாசி அடங்கிவிட்டது. 2017 ஜூனில் ஒன்றரை சதவீதம் அளவுக்கே இறங்கியது. பத்து வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம். 2024 ஜனவரியில் எங்கள் கைக்கு வந்தது 1 லட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டிய தொகை. அதே மாதம் 9 சதவீதத்தில் பத்து வருஷ டெபாசிட் போட்டிருந்தால் வரிக்கு முன் 2 லட்சத்து 43 ஆயிரம் ஆகியிருக்கும். அன்று வங்கிகள் அந்த அளவில் வட்டி கொடுத்துக்கொண்டுதான் இருந்தன.

அப்படியானால் பத்திரம் மோசமா? இல்லை. அது சொன்னதைச் செய்தது. மழைக்கென்று வாங்கிய குடை, மழை பெய்யவில்லை. குடையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அவற்றை அன்று நான் பார்க்கவில்லை.

முதல் ஓட்டை வருமான வரி. விலைவாசிக்காகக் கூட்டிக் கொடுக்கும் பணமும் வட்டி என்றே கணக்கு, அதற்கும் வரி உண்டு. விலைவாசி 6 சதவீதம் என்றால் பத்திரம் 7.5 தரும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிஞ்சுவது 6. லாபம் பூஜ்யம். விலைவாசி 10 என்றால் வட்டி 11.5, வரி போக 9.2. அதாவது நஷ்டம். விலைவாசி ஏறும்போது காப்பாற்ற வந்த பத்திரம், அது அதிகமாக ஏறும்போதுதான் வரி கட்டுபவரைக் கைவிடுகிறது. வரி வரம்புக்குள் வராதவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது ஓட்டை, யாருடைய விலைவாசி என்பது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சுமார் 46 பங்கு, மருத்துவத்துக்குச் சுமார் 6 பங்குதான். எழுபது வயதுக்காரர் வீட்டில் மருந்துச் செலவு நூற்றில் ஆறு ரூபாயா? உங்கள் போன மாத பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது ஓட்டையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம். அதே 2014 ஜனவரியில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என் கவுன்டருக்கு வந்தார். அறுபத்தொரு வயது. "தம்பி, மூணு லட்சம் இருக்கு, எதில போட்டா சேஃப்?" என்று கேட்டார். இந்தப் பத்திரத்துக்கு ஆள் சேர்க்கச் சொல்லி எங்களுக்கு மேலிருந்து சொல்லியிருந்தார்கள். நான் அதையே காட்டினேன். நம்பிப் போட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து, வீட்டுக்காரம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் எடுக்க வந்தார். அறுபத்தைந்து வயதானவர் ஒரு வருஷத்தில் எடுக்கலாம், மற்றவர்கள் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அதுதான் விதி. அவருக்கு அறுபத்தைந்து ஆகவில்லை. பத்திரத்தை அடமானம் வைத்துத்தான் கடன் கொடுக்க முடிந்தது. பத்திரம் தந்த வட்டியைவிடக் கடன் வட்டி அதிகம். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் அன்றைய 9.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,900 ரூபாய் கையில் வந்திருக்கும். அபராதம் கட்டி முழுத் தொகையையும் எடுத்திருக்கவும் முடியும். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அரசு கொடுக்காமல் போகுமா என்ற ஒரு பயத்தை மட்டும்தான் அன்று நான் பார்த்தேன். அந்தப் பயம் இல்லவே இல்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராத பணமும் ரிஸ்க்தான்.

இப்போது லிஃப்டில் கேட்ட அம்மாவுக்குப் பதில். அந்தப் பத்திரம் விற்பனை 2014 மார்ச்சோடு முடிந்தது, இன்று வாங்க முடியாது. யாராவது விற்கிறேன் என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள். பலரும் அதுதான் என்று நினைத்துக் கேட்பது ரிசர்வ் வங்கியின் ஃப்ளோட்டிங் ரேட் சேமிப்புப் பத்திரம். அதன் வட்டி ஏறி இறங்கும், ஆனால் விலைவாசியைப் பார்த்து அல்ல. தபால் அலுவலக என்.எஸ்.சி. வட்டியோடு 0.35 கூட்டித் தருவார்கள். 2020இல் 7.15 சதவீதம், 2023 ஜூலை முதல் 8.05. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். காலம் ஏழு வருஷம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் வயதைப் பொறுத்து நான்கு முதல் ஆறு வருஷத்தில் அபராதத்தோடு எடுக்க வழி உண்டு. சீனியர் சிட்டிசன் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம், உச்ச வரம்பு 30 லட்சம். 2025 ஜூலையில் விலைவாசி ஏற்றம் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. பழைய பத்திரம் இருந்திருந்தால் அந்தக் கணக்குக்கு மூன்றரை சதவீதம்கூடத் தந்திருக்காது. இன்றைக்கு இந்த இரண்டும் மேல்.

நாளைக்கு விலைவாசி திரும்ப ஏறலாம். அரசு மறுபடி இப்படி ஒரு பத்திரம் கொண்டுவரலாம். அப்போது நான்கு கேள்வி கேளுங்கள். எந்தக் குறியீடு? வட்டிக்கு வரி உண்டா? நடுவில் எடுக்கலாமா, எந்த வயதில்? வட்டி கைக்கு வருமா, கடைசியில்தானா? பதில் திருப்தியாக இருந்தாலும் உங்கள் பணத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். ஒரு வருஷச் செலவுக்கான பணம் எப்போதும் சாதாரண டெபாசிட்டில் இருக்கட்டும். நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். பாஸ்புக்கோடு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம். இந்த முறை கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்வேன்.