அடையாளமும் விசுவாசமும்



ஒரு காரியத்தைத் தொடங்குமுன் கடவுளிடம் அடையாளம் கேட்பது நம் மக்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். கோயிலுக்குச் செல்வோர் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி அடையாளம் கேட்பது சரிதானா? கேட்டால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? இன்று இதைச் சற்றுச் சிந்திப்போம்.

வேதாகமத்தில் அடையாளம் கேட்டவர்களுள் பலரும் அறிந்தவர் கிதியோன். அவருடைய வரலாறு பழைய ஏற்பாட்டில், நியாயாதிபதிகள் என்னும் புத்தகத்தில் வருகிறது. மீதியானியர் 7 ஆண்டுகளாக இஸ்ரவேல் மக்களை ஒடுக்கி வந்த காலம் அது. பகைவர் கண்ணில் படாதபடி கோதுமையைத் திராட்சை ஆலைக்குள் வைத்து அடித்துக்கொண்டிருந்த கிதியோனுக்கு, போய்த் தன் மக்களை மீட்கும்படி கட்டளை வந்தது. அவரோ அஞ்சினார். களத்தில் ஓர் ஆட்டுக் கம்பளியை இரவு முழுதும் போட்டு வைத்து, கம்பளி மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அப்படியே ஆயிற்று. பிழிந்தபோது ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வந்தது. மறுநாள், கம்பளி காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும் என்றார். அதுவும் அப்படியே ஆயிற்று.

விடியற்காலையில் மரப்பட்டை ஈரமா என்று பார்த்துவிட்டுப் பால் வெட்டப் போகும் நமக்கு, உழவரான கிதியோன் பனியை அடையாளமாகக் கேட்டது எளிதில் விளங்கும். ஆனால் இரண்டு செய்திகளை இங்கே கவனிக்க வேண்டும். செய்ய வேண்டியது இன்னதென்று கிதியோனுக்கு முன்பே தெரியும். நடுங்கிய நெஞ்சுக்குத் தைரியமாகத்தான் அடையாளம் கிடைத்தது. அடுத்தது, அடையாளம் கிடைத்த பிறகுதான் பெரிய சோதனை வந்தது. அவரிடம் இருந்த 32,000 வீரர்களில் 22,000 பேர் வீடு திரும்பினார்கள். மிஞ்சிய 10,000 பேரிலும் 300 பேர்தான் போருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த 300 பேருடன் பகைவரை எதிர்த்துப் போனாரே, அதுதான் விசுவாசம்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2015ஆம் ஆண்டில் எங்கள் மகனுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று தெரியாமல், காய்ச்சல் விட்டால் அதுவே அடையாளம் என்று சொல்லி வீட்டிலேயே ஜெபித்தோம். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. "ஆண்டவர் காட்டிட்டாருங்க" என்று துணைவியார் கண் கலங்கினார். நாங்களும் நிம்மதியாகப் பள்ளிக்குப் புறப்பட்டோம்.

அடுத்த வீட்டில் வேலை ஓய்வு பெற்ற டிரெசர் ஐயா ஒருவர் இருந்தார். பையனை எட்டிப் பார்த்தவர், "வாத்தியாரே, வயிறு வலிக்குதுங்கிறான், வாந்தி நிக்கல, ஈறுல ரத்தம் கசியுது. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கியில ஆபத்து. உடனே கிளம்புங்க" என்றார். கிளம்பினோம். மருத்துவமனையில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். பையன் பிழைத்தான்.

டெங்கிக் காய்ச்சலில், சூடு தணியும் வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி உடல் தளர்ந்துபோகும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம். நாங்கள் ஆறுதல் என்று கொண்டாடியது உண்மையில் எச்சரிக்கை. எங்கள் விருப்பத்தையே ஆண்டவரின் பதிலாக வாசித்துவிட்டோம்.

ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் தேவதூதர் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது, இயேசு குதிக்கவில்லை. கடவுளைப் பரீட்சை பார்க்கலாகாது என்று மறுத்துவிட்டார். இறங்குவதற்குப் படி இருக்கும்போது குதித்துக் காட்டுவது விசுவாசம் ஆகாது. மருத்துவமனை இருக்கும்போது வீட்டில் காத்திருந்ததும் அப்படிப்பட்டதே.

ஆகவே நேயர்களே, ஜெபத்தை விட வேண்டாம். மனம் கலங்கும்போது கடவுளிடம் தைரியம் கேளுங்கள். ஆனால் செய்ய வேண்டியது தெரிந்திருந்தால், அதைத் தள்ளிப்போட அடையாளம் கேட்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சலா, மருத்துவரிடம் காட்டுங்கள். மழைநீர் தேங்கிய பால் மங்குகளையும் வாளிகளையும் கவிழ்த்து வையுங்கள். டெங்கிக் கொசு பெருகுவது அங்கேதான். போகும் வழியெல்லாம் ஜெபியுங்கள்.

நாங்கள் அன்று வானத்தை நோக்கி அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தோம். அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. டிரெசர் ஐயா நம் சபையைச் சேர்ந்தவரும் அல்லர். நெற்றியில் திருநீறு அணிந்தவர். அவரை அனுப்பியவர் யார் என்பதில் எங்களுக்கு இன்றுவரை ஐயமில்லை.