கஹவத்தைக் கோச்சி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா உரை)



சின்ன வயதில் எங்களிடம் பொம்மை ரயில் இருந்ததில்லை. லயத்து வாசலில் டின்மீன் பேணிகளைக் கம்பியால் கோத்து, சோடா மூடிகளைச் சில்லாக்கி இழுத்தோம். பாட்டிமார் அதைக் "கஹவத்தைக் கோச்சி" என்பார்கள். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

களனிவெளி ரயில்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். றக்வானைக்கு ரயில் வரவில்லை. நம்மவர்கள் கஹவத்தையில் ஏறினார்கள். 1970களில் அவிசாவளைக்கு அப்பால் பாதையை மூடிவிட்டார்கள்.

இப்போது எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வர் அந்த நிலையத்தை மாதிரியாகச் செய்கிறோம். இந்தப் பாதையின் ரயில் கடையில் கிடைக்காது. ஆனால் 762 மில்லிமீற்றரை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வரும். 'என்' ரகப் பொம்மை ரயிலின் தண்டவாளமும் 9 மில்லிமீற்றர்தான். எனவே பழுதான 'என்' ரக எஞ்சின்களை வாங்கி, மோட்டரைத் துடைத்து எண்ணெய் விட்டு, மேலே புதுக்கூடு பொருத்துகிறோம்.

கிளினிக்குக்கு வரும் முதியவர்களிடம் நோயோடு நிலையத்தையும் விசாரிக்கிறோம். தண்ணீர்த் தொட்டி நின்ற இடத்தை வரைந்து தருவதாக ஓர் ஐயா சொன்னார். அடுத்த மாதம் துக்கச் செய்தியோடு மகள்தான் வந்தார். எங்கள் பலகையில் அந்த இடம் இன்னும் வெறுமை.

சகோதரிகளே, வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இன்றிரவே கேளுங்கள். பழைய படம் இருந்தால் சங்கத்துக்கு அனுப்புங்கள். மாதிரி முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே தருவோம். நம் பிள்ளைகள் ஓட்டட்டும்.