முகத்தோடு வேண்டாம் பலப்பரீட்சை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்ஜினியர் ஒருத்தர் மூக்கில் இருக்கிற கரும்புள்ளியைப் பத்திப் பேச வந்துட்டாரே" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது. வேலைக்கான நேர்காணல் நெருங்கினால், முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு கருவிகளை வாங்குகிறார்கள். ஒன்று, முனையில் வளையம் வைத்த எஃகுக் கம்பி. மற்றது, சார்ஜ் போட்டு மூக்கில் வைத்து உறிஞ்சும் சின்ன வேக்குவம் மெஷின். பம்பும் அழுத்தமும் என் தொழில். ஆகவே பேசக் கொஞ்சம் உரிமை உண்டு.

பாடாலூர்ப் பக்கம் கல்குவாரித் தூசியிலும் நெடுஞ்சாலைப் புகையிலும் போய்வருகிறோம். அந்த அழுக்குதான் துளையை அடைத்துக் கறுப்பாகத் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தூசி மேலே படியும், கழுவினால் போய்விடும். துளைக்குள் இருப்பது நம் தோலே சுரந்த எண்ணெயும் உதிர்ந்த செல்களும். தோலின் நிறமியாலும் காற்றுப் படுவதாலும் அது கறுக்கிறது. மூக்கில் வரிசையாகத் தெரியும் சாம்பல் புள்ளிகளில் பல நோயே அல்ல, எண்ணெய் வெளியே வரும் வழி. இன்று எடுத்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மறுபடி நிறையும். நிறைகிறதே என்று வாரம் இரண்டு தடவை எடுக்க ஆரம்பித்தால் அங்கேதான் வம்பு.

இப்போது கணக்குக்கு வருவோம். தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் அழுத்தம் சுமார் 15 முதல் 35 மி.மீ. பாதரசம்தான். முகத்தின் மேல்தோலோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். மெஷினை ஒரே இடத்தில் பிடித்தால் எண்ணெய் மட்டுமா வரும்? குழாய் உடைந்து ரத்தம் கசியும், வட்டமாகக் கன்றிப்போகும். 1968-இல் பின்லாந்து மருத்துவர் கீஸ்டாலா, உறிஞ்சியே மேல்தோலைக் கொப்புளமாகப் பிரிக்கும் கருவியை விவரித்தார். வெண்படைக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையில் இந்த முறை பயன்படுகிறது. அங்கே அழுத்தமானியும் கடிகாரமும் பார்த்துச் செய்கிறார்கள். நம் கையில் இருக்கிற மெஷினில் மானி எங்கே இருக்கு?

கம்பியும் மருத்துவர் கைக்கு உரியதுதான். அவர் மருந்தால் இளக்கி, கிருமி நீக்கிய ஊசியால் வழி திறந்து, மெதுவாக எடுப்பார். வீங்கிச் சிவந்த பருவைத் தொடமாட்டார். வீட்டில் நாம் அழுத்தும்போது துளையின் சுவர் உள்ளேயே கிழியலாம். பரு பெரிதாகும், குழி விழும். நம்முடைய மாநிறத் தோலில் காயம் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு, மூக்கின் இருபுறமும் விழுந்த கறுப்பு வட்டம் பெண் பார்க்கப் போன அன்றும் மறையவில்லை!

சிரிக்க முடியாத விஷயமும் உண்டு. மூக்கின் மேல்முனையிலிருந்து வாயின் இரு ஓரம் வரையுள்ள முக்கோணத்தின் ரத்த நாளங்கள், மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்புள்ளவை. அங்கே பிதுக்கிய புண் சீழ் பிடித்து, கிருமி உள்ளே போவது மிக அபூர்வம். போனால் உயிருக்கே ஆபத்து. முகம் வீங்கி, காய்ச்சலோ கண்வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கருமையைப் போக்க யாரோ சொன்ன கிரீமைப் பூசுவது அடுத்த வினை. அப்படிப் பூசி முகம் கெட்டவர்கள் பெருகியதால்தான், 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சின்ன வெங்காயம் விளைகிற பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காய்ந்த மேல்தோல் இருக்கிற வரை வெங்காயம் பட்டறையில் நிற்கும். உரித்துப்போட்டால் எத்தனை நாள் தாங்கும்? முகமும் அப்படித்தான்.

அப்போ என்னதான் செய்வது? தினம் இரண்டு வேளை மென்மையான சோப்பால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். தலை எண்ணெய் நெற்றியில் வழியவிடாதீர்கள். சாலிசிலிக் அமிலம் சேர்ந்த முகக்கழுவி கொஞ்சம் உதவும். அதற்கும் அடங்காவிட்டால், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, நானும் நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். யாருடைய மூக்கையும் நாங்கள் உற்றுப் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்றுதான் பார்த்தோம். அந்த மெஷினுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல புத்தகம் வாங்குங்கள்.