மூக்குக்கண்ணாடியும் பீரங்கியும்



கொரியப் போரை முன்னிட்டுப் பிரித்தானியா 1951-இல் படைச்செலவைப் பெருக்கியது. அதற்காக, மக்கள் இலவசமாகப் பெற்றுவந்த மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் கட்டணம் விதித்தது. அமைச்சர் அனூரின் பெவன் மனம்பொறாது பதவி துறந்தார். அதே நாடு 2025-இல், பாதுகாப்புச் செலவை உயர்த்துதற்பொருட்டு, ஏழை நாடுகளுக்கான உதவியைக் குறைப்பதாக அறிவித்தது. பீரங்கிக்குப் பசித்தால் ஏழையின் அடுப்பே முதலில் அவிகிறது!

இங்கோ, போர் 2009-இல் ஓய்ந்தது, படைச்செலவு ஓயவில்லை. 2022-இல் கடன் கட்ட இயலாது நாடு கைவிரித்த பின்னரே, தரைப்படையை 2030-க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்போமென 2023-இல் அரசு அறிவித்தது. மிஞ்சும் பணம் எங்கே செல்லும்? படுவான்கரைக் குளக்கட்டுக்கும் பசளைக்கும் வைத்தியசாலைக்கும் வரவேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைக் கேளுங்கள்!