வடிவம் பேசும் மொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் வரையே பயின்று, ரயில்வே குமாஸ்தாவாகப் பதிவேடுகளோடு பழகும் எனக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். தகுதி ஒன்றுமில்லை, செய்த பிழை ஒன்று உண்டு.

என் இளைய மகள் ஒரு நாள் தன் பாட்டியை வரைந்து வந்தாள். முகம் முட்டை; புடைவை முக்கோணம்; கண்களோ காதளவு நீண்டிருந்தன. "இதுவா பாட்டி?" என்று நகைத்தேன். அன்று மூடிய வண்ணப் பெட்டியைக் குழந்தை பல மாதங்கள் திறக்கவில்லை.

பின்னர் ஒரு ஞாயிறன்று, நம் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் 1954-இல் தொடங்கப்பெற்ற தேசிய நவீன கலைக்கூடத்திற்குக் குடும்பத்துடன் சென்றேன். ஜாமினி ராயின் சித்திரங்கள் முன் திகைத்து நின்றேன். நான் நகைத்த அதே நீண்ட கண்கள்!

1887-இல் வங்காளத்துப் பாங்குரா மாவட்டத்தில் பிறந்த அவர், கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்றவர். ஆளை உள்ளவாறே தீட்டிப் பொருளும் ஈட்டியவர். அதனைத் துறந்து, நாட்டுப்புறப் பட ஓவியர்களின் வழியை நாடினார். ஆகவே, வரையத் தெரியாமல் எளிமையாக்கினார் அல்லர். தெரிந்தே வேண்டாதவற்றை நீக்கினார்.

எஞ்சியது வடிவம். தாயும் சேயும் அவர் பலமுறை தீட்டிய பொருள். அடி அகன்று முடி குறுகிய உருவம் மலைபோல் உறுதி தருகிறது. வளைந்து சூழும் கை அரவணைப்பை உணர்த்துகிறது. வரிசையாக நிற்கும் மகளிரிடம் ஒரே வளைவு மீண்டும் மீண்டும் வருகையில், கண்ணுக்கு ஒரு தாளம் பிறக்கிறது.

பழைய ரயில்வே கைகாட்டிகளை நினைவுகூருங்கள். கை கிடையாக இருந்தால் 'நில்', சாய்ந்தால் 'செல்'. நுனி மீன்வால்போல் பிளந்திருந்தால், அடுத்த கைகாட்டியின் நிலையைக் கூறும் முன்னறிவிப்பு. எழுத்து ஒன்றும் இல்லை, வடிவமே பேசிற்று. நம் இல்லத்து வாசற்கோலமும் எப்பொருளையும் போன்றதன்று. ஆயினும் கண் நிறைகிறது.

வீடு திரும்பியதும், "அம்மா, அன்று நான் சொன்னது தவறு. கண்களை ஏன் அவ்வளவு நீளமாக வரைந்தாய்?" என்று மகளைக் கேட்டேன். "பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்பா" என்றாள்.

பாட்டி இன்று இல்லை. அவருடைய நிழற்படம் பெட்டியில் இருக்கிறது. மகள் வரைந்த படமே சுவரில் இருக்கிறது.

பெற்றோர்களே! குழந்தை ஒரு படத்தை நீட்டினால், "யாரைப் போல் இருக்கிறது?" என்று கேளாதீர்கள், "என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். இதுவே என் வேண்டுகோள்.