எகிப்து யாத்திரை செல்வோர்க்குச் சில சொற்கள்

(கேளம்பாக்கத்தில் கூடிய நமது சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில வருகின்ற தை மாதத்தில் எகிப்து தேசத்துக்குக் குழுவாகச் சென்றுவரத் தீர்மானித்திருக்கின்றன. அவ்விடத்துக் காணத்தக்கவற்றைப் பற்றிச் சிறிது பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் அத்தேசத்தை நூல்வாயிலாகவே அறிந்தவன். ஆயினும் நூலிற் கண்டதைக் கண்ணாற் காணப்போகின்றவர்களுக்குச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலுக்கு இயல்பேயாதலின் இசைந்தேன்.

பிரயாணக் கம்பெனியார் அச்சிட்டுக் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்தேன். எட்டு நாட்கள், கெய்ரோ, லக்ஸர், அலெக்ஸாந்திரியா ஆகிய மூன்று நகரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வழிகாட்டி. சைவ உணவு கிடைக்கும் என்பதை நான்கு வரிகளில் விரித்தெழுதிய அவர்கள், அந்நகரங்களோடு தமிழர்க்கிருந்த தொடர்பைப் பற்றி ஒரு வரியும் எழுதிற்றிலர். அக்குறையை நிரப்புதலே இன்று என் வேலை.

யவனருடைய மரக்கலங்கள் முசிறித் துறைக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றிற் காண்கிறோம். நம் மாணவர்கள் அதனை நெட்டுருச் செய்து தேர்விலும் எழுதுகின்றனர். ஆனால் அப்பாட்டைப் படிப்பவர் மனத்தில் எழும் சித்திரம் யாது? யவனன் வந்தான், வாங்கினான், போனான். தமிழன் கரையில் நின்று கொண்டிருந்தான் என்பதே. நம்மவரும் கலமேறி அங்குச் சென்றனரா? அதற்கு விடை தருவன எகிப்தில் அகப்பட்ட பானையோடுகள்.

செங்கடலின் மேற்குக் கரையில் குஸெய்ர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குச் சிறிது வடக்கே, மியோஸ் ஹோர்மோஸ் என்று கிரேக்கர் வழங்கிய பழந்துறைமுகம் மணல் மூடிக் கிடக்கின்றது. ஒரு காலத்தில் ஆண்டுதோறும் 120 கலங்கள் அத்துறையினின்று இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று ஸ்திராபோ என்னும் ஆசிரியர் எழுதியிருக்கின்றார். ஆடி மாதத்தையொட்டிப் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றால் இங்கு வருதலும், கார்த்திகை மார்கழியில் வடகீழ்க் காற்றுப் பற்றி மீளுதலும் அவர்கள் வழக்கம். அவ்விடத்தில் 1978 முதல் 1982 வரை சிகாகோ சர்வகலாசாலையார் அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் 'கணன்' என்றும், மற்றொன்றில் 'சாதன்' என்றும் பெயர்கள் உள்ளன. கண்ணனும் சாத்தனும் என்று கொள்க. பின்னர் ஆங்கில நாட்டினர் அகழ்ந்தெடுத்த ஓட்டில் இருந்த எழுத்துக்களை ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2007-இல் 'பானை ஒறி' என்று படித்துக் காட்டினார்கள்.

தாய்மார்களே! பூனைக்கு எட்டாதபடி தயிர்ப்பானையைத் தொங்கவிட நம் பாட்டிமார் அடுக்களையிற் கட்டியிருந்தார்களே, அந்த உறியேதான்! மன்னர் புகழோ போர்ச் செய்தியோ அன்றி, உறிப்பானை ஒன்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு கடலுக்கப்பால் ஈராயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்தது. என் மனத்துக்கு இவ்வோடு பல மெய்க்கீர்த்திகளினும் பெரிது.

இதற்குத் தெற்கே வெகு தூரத்தில் பெரெனிகே என்னும் மற்றொரு துறை உண்டு. இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரால் அமைத்த ஊர் அது. அங்கேயும் தமிழ் எழுத்துள்ள ஓடொன்று 1995-இல் கிடைத்தது. அங்குள்ள கோயில் முற்றம் ஒன்றிற் புதைந்திருந்த இந்தியச் சாலில், ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. அத்துறையில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தின்மேல் ஏற்றிப் பன்னிரண்டு நாள் பாலைநிலங் கடந்து நைல் நதிக்கரையிலுள்ள கொப்தோஸ் நகரத்துக்குக் கொண்டுவருவர். வெப்பத்துக்கு அஞ்சி இரவிலேயே பெரும்பாலும் நடப்பர். அங்கிருந்து ஓடங்களில் அலெக்ஸாந்திரியா செல்லும். முசிறிச் சரக்கைப் பிணையாக வைத்து வாங்கிய கடனுக்கு எழுதிய கிரேக்க உடன்படிக்கை ஒன்று இன்றும் வியன்னா நகரத்து நூலகத்தில் உள்ளது. ஒட்டகக்காரன் கூலியும், காற்பங்குச் சுங்கமும் அதிற் பேசப்படுகின்றன.

நிற்க. நம்மவர் செல்லும் நிரலில் இத்துறைமுகங்கள் இல்லை, லக்ஸர் இருக்கிறது. கொப்தோஸ், இக்காலத்துக் கிப்த், அந்நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவினது. லக்ஸரில் நைல் நதிக்கு மேற்கே 'அரசர் பள்ளத்தாக்கு' என்று ஓரிடம் இருக்கிறது. மலையைக் குடைந்து அரசர்களை அடக்கஞ் செய்த கல்லறைகள் அவை. கிரேக்கரும் உரோமரும் அத்தேசத்தை ஆண்ட காலத்திலேயே அக்கல்லறைகள் ஆயிரம் ஆண்டுப் பழமை எய்தி, வேற்றூரார் வந்து வியந்து போகும் காட்சியிடங்களாகிவிட்டன. வந்தவர்கள் சுவர்களில் தம் பெயரைக் கீறிப் போயினர். கிரேக்க எழுத்துக்களில் மட்டும் 2000-க்கு மேற்பட்டவற்றைப் பாயே என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் 1926-இல் தொகுத்து வெளியிட்டார்.

அச்சுவர்களிலேயே நம் எழுத்தும் இருந்தது, ஒருவரும் கண்டிலர். ஷார்லோத் ஷ்மித் அம்மையாரும் இங்கோ ஷ்ட்ராவுக் அவர்களும் ஆராய்ந்து, 2026 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய கல்வெட்டு மாநாட்டில் அதனை அறிவித்தனர். தமிழிலும் பிராகிருதத்திலும் சமஸ்கிருதத்திலுமாக ஏறத்தாழ 30 எழுத்துக்கள். அவற்றுள் 'சிகை கொற்றன்' என்ற பெயர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களிற் காணப்படுகின்றதாம். கிரேக்கன் ஒருவன் வந்து கண்டு வியந்து எழுதிச் சென்றதைப் போலவே அவனும் எழுதியிருக்கின்றான். வாணிகமே அவனை அத்தேசத்துக்கு இழுத்திருக்கலாம். ஆனால் கடற்கரையினின்று அவ்வளவு தூரம் உள்ளே வந்து, ஐந்து கல்லறைகளுள் நுழைந்து பார்த்தவனை ஊர் காணும் ஆசையுடையான் என்றுதானே சொல்ல வேண்டும்? தை மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் யாத்திரையை அவன் முன்னரே செய்துவிட்டான். அவன் பெயர் எழுதியதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டா. இக்காலத்தில் அது குற்றம். நமக்கு அண்மையிலுள்ள மாமல்லபுரத்துச் சிற்பங்களிற் கைவைக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இங்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இச்செய்தி வெளிவந்தபின் கைப்பேசிகளில் வரும் கதைகளுக்கு அளவில்லை. தமிழர் பிரமிடு கட்டினர் என்பார் ஒருவர். எகிப்தை ஆண்டனர் என்பார் மற்றொருவர். பெரிய பிரமிடு எழுந்து 2500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிறகே கொற்றன் அங்குச் சென்றான். நம் அன்பர் ஒருவர் என்னிடம், "அந்தக் கொற்றன் நம்மவரே என்று ஒரு கட்டுரை எழுதும், ஐயா" என்றார். அவருடைய அன்பு போற்றத்தக்கது. கட்டுரை எழுத இயலாது. புறநானூற்றுப் பிட்டங்கொற்றன் முதலாகப் பலர் தாங்கிய பெயர் அது. அச்சுவரில் மொழி இருக்கிறது, பெயர் இருக்கிறது, குலம் இல்லை. இல்லாத ஒன்றை நாம் எழுதினால், நாளை வேறொரு சங்கத்தார் வேறொன்றை எழுதுவர். வழக்காடச் சாட்சிக்கு அவனை அழைக்கவா முடியும்?

பிற இடங்களை விரைவிற் சொல்லி முடிக்கின்றேன். கெய்ரோ 969-இல் பாத்திமிய மரபினர் அமைத்த நகரம். பழைய மசூதிகளும் கடைத்தெருக்களும் நடந்து பார்க்கத்தக்கன. கார்னாக் கோயிலின் தூண்களைப் பற்றி வழிகாட்டியே வேண்டிய அளவு பேசுவார். அலெக்ஸாந்திரியாவில் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களால் அழிந்துபோயிற்று. அது நின்ற இடத்திற் கைத்பே கோட்டை இருக்கிறது. அந்நகரத்து மக்கள் கூட்டத்தில் இந்தியர் சிலரும் அமர்ந்திருந்ததைத் தியோன் என்னும் நாவலர் தம் சொற்பொழிவிற் குறிப்பிட்டிருக்கின்றார் என்பதை மட்டும் கோட்டைச் சுவரருகே நின்று நினைத்துக் கொள்ளுங்கள்.

அரசர் பள்ளத்தாக்கில் பொதுச்சீட்டுக்கு மூன்று கல்லறைகளே காட்டுவார்கள். சிலவற்றுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். எனவே முதல் நாளே வழிகாட்டியிடம், தமிழ் எழுத்துள்ள கல்லறை எது, அது திறந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். அவர் அறியாராயின், அவரும் அன்று ஒன்றைக் கற்றுக்கொள்வார். 'கொற்றன்' என்னும் சொல்லைப் பழைய எழுத்தில் வரைந்து, கீழே இக்கால எழுத்தையும் இட்டு, இருபது தாள்கள் கொணர்ந்திருக்கின்றேன். செல்லும் குடும்பத்துக்கு ஒன்றாகக் காரியதரிசியிடம் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்தறிந்த பிள்ளையின் கையில் கொடுங்கள்.